காருக்குள் தெரிந்த கட்டெறும்பு

காதர் பாய் காரின் பின் சீட்டை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்தார். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். ஒரு கட்டெறும்பு போய்க்கொண்டிருந்தது.

காருக்குள் எறும்பு ஏறிவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். கை கீழே போனது. இன்னும் கீழே போனது. தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது காருக்குள் இல்லை. காருக்குக் கீழே, எங்கள் கொட்டகைத் தரையில்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் ஓரமெல்லாம் காவி நிறத்தில் உப்பி, வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. விரல் பட்டதும் அப்பளம்போல நொறுங்கியது.

“ராசாத்திக்கா, கைய எடுங்க. கிழிச்சிரும்” என்றார் பாய்.

நான் எடுக்கவில்லை. பயமும் துக்கமும் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது ஆச்சரியம். இரும்பு இது. கல்யாண வீட்டு அண்டாவையும் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி. மேலே ஒரு கீறல் கிடையாது, முகம் பார்க்கலாம். உள்ளே உட்கார்ந்து ஏதோ ஒன்று, மெல்லுகிற சத்தம்கூடக் கேட்காமல், இதைத் தின்று தீர்த்திருக்கிறதே.

அந்த வண்டி என்னுடையதில்லை. அடுத்த மாதம் கல்லறைத் திருநாளுக்கு அதன் சொந்தக்காரி வருவதாக இருந்தது.

போன வாரம் குரும்பகரத்தில் என் அம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். இந்த வாரம் நடவு வேலையைச் சொல்லத்தான் இருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, நான் வாயால் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறாள். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அந்தக் கார் கதைய சொல்லுங்கத்தே. நடவு எங்க ஓடிடப் போவுது” என்கிறாள். எனக்கும் ஆசைதான்.

முக்கால்வாசி பிறந்தவன்

கார் பிலோமினா அக்காவுடையது. கோவில்பத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. அவர் கணவர் மிக்கேல் அண்ணன். அண்ணனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த ஊர்க் குடியுரிமை. ஆனால் அண்ணனுக்கு அந்த ஊர் பிடிக்காது. ஒரு தடவை போய்விட்டு வந்து, அங்கே மீன்காரன் பேரம் பேச விடமாட்டேன் என்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவருக்குப் பிடித்தது அந்த வெள்ளை அம்பாசிடர். கடற்கரைக்கு எல்லோரும் வண்டியிலேயே போய் இறங்குவார்கள். அண்ணன் மட்டும் எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு நடப்பார். உப்புக்காற்று படக்கூடாதாம். எங்கள் ஊரில் அதுவும் நியாயம்தான். ஜன்னல் கம்பி இளைத்துப்போகும். பீரோவின் கால் முதலில் போகும், அப்புறம் பீரோ சாயும். துணி காயப்போடும் கம்பி ஒருநாள் புடவையோடு அறுந்து விழும்.

என் மகன் அந்தக் காரில்தான் முக்கால்வாசி பிறந்தான். நல்ல மழை. வீட்டில் என் கணவர் இல்லை, அம்பகரத்தூரில் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். எனக்கு வலி எடுத்ததும் அண்ணன் வண்டியை எடுத்தார். பின் சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் பையன் அவசரப்பட்டுவிட்டான். வண்டிக்குத் தூசி பட்டாலே கத்துகிற அண்ணன், மறுநாள் அந்த சீட்டைத் தானே கழுவி வெயிலில் வைத்தார்.

அதனால்தான் அண்ணன் காலமாகி, மகள் கூப்பிட்டு அக்கா பிரான்சுக்குக் கிளம்பியபோது, வண்டியை விற்றுவிடலாம் என்று யாரோ சொன்னது எனக்குத் தாங்கவில்லை. எங்கள் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

அக்கா சாவியை என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“ஆறு மாசத்துல வந்துடுவேன் ராசாத்தி. வந்து இதுல ஏறித்தான் அவரப் பாக்க கல்லறைக்குப் போவேன். வேற வண்டியில போனா அவரு மூஞ்சத் திருப்பிக்குவாரு.”

கிளம்புவதற்கு முன்னால் காருக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். செபம் செய்கிறார் என்று நான் தள்ளி நின்றேன்.

இட்லிப் பானை மூடி

காரை நிறுத்தி வைப்பது என்றால் நிறுத்திவிட்டுப் போர்வை போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். காதர் பாய் வந்து அதைக் கலைத்தார். டவுனில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர். மிக்கேல் அண்ணன் வண்டியை அவரைத் தவிர வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

முதலில் கொட்டகை. மாடு நின்ற இடம், கோமியம் ஊறிய மண், அந்த ஆவியே இரும்புக்கு ஆகாது என்றார். மண்ணைத் தோண்டிக் கொட்டிவிட்டு, என் மகன் சிமெண்டுத் தரை போட்டான். அதன்மேல் கெட்டிப் பிளாஸ்டிக் தாள்.

அப்புறம் குளியல். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, அது காரின்மேல் படக்கூடாது. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்தேன். பாய் மேலே கழுவினதைவிட அடியில் கழுவினதுதான் அதிகம். மல்லாந்து படுத்து, சக்கரத்துக்கு உள்பக்கம், மடிப்பு மடிப்பாகச் சேறு எடுத்தார். பிறகு நல்ல வெயிலில் சில நாள் அப்படியே நிற்கட்டும் என்றார். தலைக்குக் குளித்தவள் ஈரத்தோடு கொண்டை போட்டால் என்ன ஆகும், அதேதான் என்றார். நான் உடனே பிடித்துக்கொண்டேன்.

காய்ந்த பிறகு அடிப்பக்கம் முழுக்க கிரீஸும் எண்ணெயும் கலந்து பிரஷ்ஷால் தடவினார். டேங்க் நிறைய டீசல் ஊற்றினார். காலியாக விட்டால் உள்ளே வேர்க்குமாம். பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டார். ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார், பிடித்தபடி வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கிளச்சை ஒரு குச்சியால் அழுத்தி முட்டுக்கொடுத்தார், அதுவும் ஒட்டிக்கொள்ளும். நாலு பக்கமும் கட்டை கொடுத்து, டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்தினார். சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்துவிட்டு, மறந்துபோய் யாரும் கிளப்பிவிடக்கூடாது என்று ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டினார். எலிக்குப் பாச்சை உருண்டை.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஒரு வண்டிக்குள் இத்தனை இடமா வேர்க்கும், இத்தனை இடமா ஒட்டும். உடம்பு மாதிரியே இருக்கிறதே.

தார்ப்பாயைக் கொண்டுவந்து கொடுத்தேன். பாய் வேண்டாம் என்று தலையாட்டினார். “இட்லிப் பானை மூடியத் தெறந்தா என்னா ஆவும்?” என்றார். சொட்டும் என்றேன். “தார்ப்பாய் போட்டா அதுதான். பருத்தித் துணி போடுங்க, மூச்சு விடட்டும்.”

பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து ஒரு சட்டை செய்தேன். என் கணவருடையது, மகனுடையது, பத்தாததற்கு மிக்கேல் அண்ணனுடைய வேட்டிகளையும் அக்கா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பார்க்க, பெரிய வீட்டுக் காரியத்துக்கு வந்த யானை மாதிரி இருந்தது வண்டி.

கடைசியில் கரி மூட்டை. இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கி, துணிப்பையில் கட்டி, காருக்குள் நாலு இடத்தில் வைக்கச் சொன்னார் பாய். காற்றில் இருக்கும் ஈரத்தைக் கரி குடித்துக்கொள்ளும். அவ்வப்போது எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி வைக்க வேண்டும். என்னிடம் விட்ட வேலை அது ஒன்றுதான்.

கனத்த மூட்டை

ஆறு மாதம் என்று போன அக்கா வரவில்லை. முதலில் மகளுக்குப் பிரசவம். பிறகு கொரோனா வந்து விமானமே நின்றுபோனது. அதற்குப் பிறகு அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். போனில் பேசும்போதெல்லாம் என்னை விசாரித்துவிட்டு, “அவரு வண்டி எப்படி இருக்கு?” என்பார். வண்டி என்று சொல்லும்போது குரல் இறங்கும்.

நான் கரியைக் காயவைத்துக்கொண்டே இருந்தேன். தெருவில் எனக்குக் கரிக்காரி என்றே பேர் வந்தது. என் நாத்தனார் சரோஜாவுக்கு இதில் பெரிய சந்தோஷம். அவளைப் பற்றிப் பழைய வாரத்தில் சொல்லியிருக்கிறேன், எதிர் வீட்டில்தான் இருக்கிறாள், வாய்க்குப் பூட்டு கிடையாது. “ஓடாத வண்டிக்கு ஒன்பது உபசாரம். எங்கண்ணனுக்கு இப்படி ஒரு நாள் வெந்நீ வச்சுக் குடுத்திருப்பியா?” என்பாள்.

இதில் ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. நாலு மூட்டையில் மூன்று சாதாரணமாக இருக்கும். பின் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில் வைத்த மூட்டை மட்டும் கனத்துக் கிடக்கும். எடுத்தால் கையில் பிசுபிசுப்பு. ஐப்பசி மழையில் கனத்தால் சரி. பங்குனி வெயிலிலும் கனத்தது.

கூரையில் ஒழுக்கோ என்று மகனை ஏற்றிப் பார்த்தேன். ஒரு புயலில் ஷீட்டு ஒன்று தூக்கியடித்திருந்தது, அதையும் மாற்றினோம். கண்ணாடி இடுக்கைப் பார்த்தோம். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. மூட்டை மட்டும் கனத்தது. யாருக்கும் தெரியாமல் வண்டி அழுகிறதோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன். மருமகளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. இப்போது எழுதும்போதும் சிரிக்கிறாள்.

அக்கா வருவதாகப் போன் வந்தது. காதர் பாயை வரச்சொன்னேன். வண்டியைக் கிளப்பிப் பார்க்குமுன், அந்த மூட்டை விஷயத்தைச் சொன்னேன். அவர் பின் கதவைத் திறந்து, சீட்டைத் தூக்கினார். அப்போதுதான் அந்த எறும்பு.

நீல நூல் கைக்குட்டை

ஓட்டைக்குப் பக்கத்தில், கெட்டியாகி உருமாறிப்போன ஒரு துணிப் பொட்டலம் கிடந்தது. பாய் தொட்டு, விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார்.

உப்பு தானும் காயாது, பக்கத்தில் இருப்பதையும் காயவிடாது. வருஷக்கணக்காகக் காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறது. கரி குடித்தது போக மீதியை இரும்பு குடித்திருக்கிறது.

எனக்கு நேராக சரோஜா ஞாபகம்தான் வந்தது. அமாவாசைக்கு அமாவாசை உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறவள் அவள். மாட்டுக்குச் சுற்றுவாள், டிவிக்குக்கூடச் சுற்றியிருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “ஏண்டி, அறிவிருக்கா? சுத்தின உப்ப தண்ணியிலதான் கரைப்பாங்க. யாராச்சும் முடிச்சு போட்டு உள்ளயே வப்பாங்களா? திருஷ்டிய வீட்டுல குடிவக்கிறதுக்கா?”

அது சரிதான். சுற்றிய உப்பை யாரும் வைத்துக்கொள்வதில்லை. அப்படியானால் இது சுற்றிய உப்பு இல்லை. வைப்பதற்கென்றே வைத்த உப்பு.

பொட்டலத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைக் கைக்குட்டை, துருவேறிச் சிவந்திருந்தது. ஓரத்தில் மட்டும் நீல நூலில் சின்னச் சின்ன அலை. அந்த அலையை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துதான் பிலோமினா அக்கா அதைப் போட்டார், மிக்கேல் அண்ணனுக்காக. உள்ளே உப்போடு மாதா படம் பொறித்த ஒரு சின்னப் பதக்கமும் இருந்தது.

மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் உப்பு. வீட்டு நிலையில் போடுவார்கள், நோயாளி தலையணைக்கு அடியில் வைப்பார்கள். அக்கா தன் கணவர் வண்டிக்குக் காவலாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.



பாய் தகடு வெட்டி ஒட்டுப் போட்டுத்தருவதாகச் சொன்னார். கம்பளம் போட்டால் வெளியே தெரியாது. சரோஜா, சொல்லவே வேண்டாம் என்றாள். அந்தப் பொம்பளை புருஷனுக்காகக் கடல்தாண்டி வருகிறது, வந்ததும் அவரிடமே உன் கையால்தான் கெட்டது என்று யாராவது சொல்லுவார்களா என்று கேட்டாள். அவள் இப்படிக் கேட்டதே எனக்கு ஆச்சரியம். பாயைப் பார்த்தேன். “அது உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது” என்று வெல்டிங் சாமான் எடுக்கப் போய்விட்டார்.

சொல்லாவிட்டால், நான் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் கெட்டது என்று அக்கா ஒருநாள் நினைக்கலாம். சொன்னால், அக்கா தன்னையே நொந்துகொள்வார். இரண்டில் எது பரவாயில்லை என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

மந்திரித்த உப்பைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கொல்லையில் ஒரு இளந்தென்னை, பாளை விடும், ஆனால் குரும்பை, அதான் தேங்காய்ப் பிஞ்சு, நிற்காமல் கொட்டிவிடும். தென்னைக்கு உப்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே. வட்டமாகப் பாத்தி வெட்டி அதைக் கரைத்து ஊற்றினேன். கைக்குட்டையையும் பதக்கத்தையும் துவைத்து, காயவைத்து, பெட்டியில் வைத்தேன்.

சீட்டுக்கு அடியில் ஒரு கை

டேங்கைக் காலி செய்து, புது டீசல் ஊற்றி, பேட்டரி மாட்டி, சைலன்சர் அடைப்பை எடுத்து, பாய் சாவியைத் திருப்பினார். முதல் தடவை ஒரு முனகல். இரண்டாம் தடவை இருமல். அப்புறம் கொட்டகையே அதிர்ந்தது. காலடியில் தரை நடுங்கியது. இத்தனை வருஷம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற ஒன்று, கூப்பிட்டதும் என்ன என்று கேட்கிறது.

அக்கா ஊன்றுகோலோடு வந்தார். இளைத்திருந்தார். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பானட்டைத் தடவினார். பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாக, குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். துழாவினார். இன்னும் கொஞ்சம் உள்ளே துழாவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பெட்டியிலிருந்து கைக்குட்டையை எடுத்துவந்து மடியில் வைத்தேன். கம்பளத்தை விலக்கி, பாய் தகடு ஒட்டிய இடத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அந்தத் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். தோள் குலுங்கியது. போச்சு, உடைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

“பீச்சுக்குப் போனா வண்டிய எங்கயோ நிறுத்திட்டு என்னைய நடக்க வப்பாரு. உப்புக் காத்து, உப்புக் காத்துன்னு உசிர வாங்குவாரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் அந்த உப்பையே கொண்டாந்து உள்ள வச்சிருக்கேன் ராசாத்தி. இப்ப கல்லறையில போயி இத நான் எப்புடிச் சொல்லுவேன்?”

“சொல்லிடுங்கக்கா. ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆவலன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க.”

லூர்து தண்ணீர்

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் காதர் பாய் ஓட்ட, பின் சீட்டில் அக்காவும் நானும். முன்னால் சரோஜா, கூப்பிடாமலே ஏறிக்கொண்டாள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கல்லறை முழுக்க மெழுகுவத்தி, சாமந்தி வாசனை, காலுக்கடியில் நனைந்த மண். அக்கா அண்ணன் பக்கத்தில் வெகுநேரம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை அவருக்குச் சிரிப்பு வந்தது. சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

அக்கா திரும்பிப் போகும் நாள் வந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பாய் மறுபடியும் வண்டியைக் கட்டைமேல் ஏற்றினார். வேட்டிச் சட்டையைப் போடப்போகும் நேரத்தில் அக்கா கைப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். மாதா உருவத்தில் பிளாஸ்டிக் போத்தல், நீல மூடி. பிரான்சில் லூர்து மாதா கோயில் ஊற்றில் பிடித்த தண்ணீர், அவர்களுக்குத் தீர்த்தம் மாதிரி.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

“வண்டி மேல வேணாங்க்கா. எங்க மேல தெளிங்க, நாங்கதானே பாத்துக்கிறோம்” என்றேன்.

அக்கா யோசித்தார். பிறகு என் தலையில் தெளித்தார். பாய் குல்லாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்றார், அவர் தோளில் தெளித்தார். சரோஜா தானாகவே வந்து தலையைக் காட்டினாள். கையை உதறும்போது ஒரே ஒரு சொட்டு பானட்டில் விழுந்தது. பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை உடனே துடைத்துவிட்டார்.

இன்று காலையும் கரி மூட்டைகளை வெயிலில் வைக்க எடுத்தேன். பின் சீட்டு மூட்டையை மட்டும் பழக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். சட்டென்று மேலே வந்துவிட்டது. அத்தனை லேசு. கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொல்லையில் அந்தத் தென்னை இந்தத் தடவை குரும்பையைக் கொட்டவில்லை.